குற்றம் இல்லாத போர்டு

கரிந்த சர்க்யூட் போர்டின் வாசனை உனக்குத் தெரியும். வெறும் பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் இல்லை அது. மீன் வறுத்த சட்டியைக் கழுவாமல் மறுநாள் அடுப்பில் வைத்தால் வருமே, கிட்டத்தட்ட அப்படி. போன செவ்வாய்க்கிழமை காலை அந்த வாசனை புதுக்கடை ஊரில் இருக்கும் நம் மாடி அறைக்குள் வந்தது. நான் அப்போதுதான் ஜன்னலைத் திறந்துவிட்டு, உன் நாற்காலியில் அடுக்கியிருந்த பெட்டிகளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். நம் போர்டுகளை வீடு வீடாகப் போய் மாட்டுகிற வயரிங்காரர் படியேறி வந்து, பலசரக்குக் கடைப் பையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"அக்கா, இத ஒண்ணு பாருங்க. ராஜாக்கமங்கலத்துல மாட்டினது. குழாயத் தொட்டா சுள்ளுன்னு அடிக்குதுன்னு அந்த வீட்டம்மா ரெண்டு நாளா சொல்லியிருக்காங்க. யாரும் நம்பல்ல. இன்னைக்கு காலைல பாத்திரம் கழுவும்போ கைய இழுத்துட்டு. அப்படியே மறிஞ்சு விழுந்துட்டாங்க."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"குழப்பமில்ல, நல்லாருக்காங்க. முழங்கைல கொஞ்சம் சதஞ்சிருக்கு. செருப்பு போட்டிருந்ததுனால தப்பிச்சாங்க."

செருப்பு போட்டிருந்ததனால் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ போன பிறகு அதில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பொட்டலத்தைப் பிரித்தேன். மேல்தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் நம் போர்டு. அதில் ஒரு பாதியில் வீட்டுக் கரண்டு ஓடும், முழு இருநூற்று முப்பது வோல்ட். மறு பாதியிலிருந்து மூன்று கம்பிகள் புறப்பட்டு, நீர்மட்டம் பார்க்கத் தொட்டித் தண்ணீருக்குள் இறங்கும். இந்தப் பாதியும் அந்தப் பாதியும் எந்தக் காலத்திலும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அந்த ஒரு காரியத்துக்காகத்தான் போர்டையே வரைகிறோம். மோட்டாரை நிறுத்தும் ரிலேயின் காலடியில், ஒரு பொட்டு அளவுக்கு, பச்சைப் பூச்சு உரிந்து கரியாகியிருந்தது. அந்த இடத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தன. கடற்காற்றின் உப்பும் தூசியும் ஈரமும் சேர்ந்து, நூல் அளவே இருந்த இடைவெளியில் கரண்டுக்கு வழி போட்டுக் கொடுத்திருந்தன.

மொத்தம் இருபது போர்டு செய்தோம், நினைவிருக்கிறதா? பத்தொன்பதை வயரிங்காரர் மாட்டியிருந்தார். அதில் ஒன்று இப்போது மேசையில். மீதிப் பதினெட்டு வீடுகளில் யாரோ குளிக்கிறார்கள், யாரோ அரிசி களைகிறார்கள், யாரோ வெறுங்காலோடு நிற்கிறார்கள். இருபதாவது போர்டு நம் அலமாரியில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னோடு பேச வேண்டும் என்று இதற்கு முன்னும் தோன்றியதுண்டு, எழுதத் தோன்றியதில்லை. இப்போது எழுதுவதும் முழுக்கப் பாசத்தினால் என்று சொல்ல மாட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என்மேல் அதைவிடக் கூடுதல் இருக்கிறது.

என்னைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் அடைத்தேனா என்று மூன்று தடவை பார்ப்பேன், அறையைப் பூட்டிவிட்டுப் பாதிப் படியிலிருந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நீ அதைக் கேலி செய்தாய். "எதுக்குட்டி இந்த வெப்ராளம்? பூட்டு உனக்குப் பயந்தே கழண்டு வந்துரும்." இருவரும் சேர்ந்து போர்டு வரைகிற வேலையைத் தொடங்கியபோதும் அதே கதைதான். நான் ஒவ்வொரு செம்புத் தடத்தையும் மௌஸால் இழுத்து இழுத்துக் கையால் போடுகிறவள். ஒரு போர்டுக்கு நான்கு நாள் எடுப்பேன். நீ, தடங்களைத் தானே போடும் ஆட்டோ ரூட்டர் என்ற மென்பொருளின் பொத்தானை அழுத்திவிட்டுச் சாயா குடிக்க இறங்குகிறவள்.

திரையில் அது வேலை செய்வதை நீ ரசிப்பாய். சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் பாயும், முட்டும், போட்டதைப் பிய்த்தெறிந்துவிட்டு வேறு வழியில் மறுபடி ஓடும். ஓரத்தில் சதவீதம் ஏறிக்கொண்டே இருக்கும். தொண்ணூற்று நாலில் வந்து திணறி நிற்கும்போது திரையைத் தட்டிக் கொடுப்பாய். "பைய ஆலோசிச்சு செய்யி மக்கா, அவசரம் ஒண்ணும் இல்ல." எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. நாம் கண் சிமிட்டுவதற்குள் அது நூறு முடிவுகள் எடுக்கிறது, ஒன்றையும் நம்மிடம் கேட்பதில்லை.

ஆனாலும் நீ கவனமில்லாதவள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அந்த மென்பொருளை உன்னளவுக்குப் புரிந்துகொண்டவர்களை நான் பார்த்ததில்லை. "அதுக்கு எது வீட்டுக் கரண்டு, எது பேட்டரிக் கரண்டுன்னு அறியாதுட்டி. எல்லாம் அதுக்கு ஒரே கோடுதான். நாம சொன்னா கேக்கும். சொல்லல்லன்னா குறுக்கு வழில போவும்" என்பாய். அதனால் வீட்டுக் கரண்டு ஓடும் நான்கு தடங்களையும் எப்போதும் நீயே முதலில் கையால் போடுவாய். தடிமனாக, வளைவு அழகாக, போர்டின் ஓரத்தை ஒட்டிப் போகும் அவை. அவற்றைப் பூட்டுவாய். நடுவில் யாரும் நுழையக்கூடாது என்று வேலி ஒன்று வரைவாய். அதற்குப் பிறகுதான் பொத்தான், அதற்குப் பிறகுதான் சாயா.

சாயாவுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாய். ஒருத்தி வரைந்தால் மற்றவள் சரிபார்க்க வேண்டும். கீழே ஜெராக்ஸ் கடையில் போர்டை நாலு மடங்கு பெரிதாக அச்செடுத்து மேசையில் விரித்து, கரண்டு நுழைகிற இடத்தில் விரலை வைத்து, அது போகிற வழியெல்லாம் கூடவே போக வேண்டும். அதற்கு நடந்து பார்ப்பது என்று நாம் பெயர் வைத்திருந்தோம். நடந்து முடித்தவள் ஒரு குற்றமாவது சொல்ல வேண்டும். சொல்லாதவரை இரண்டு பேருக்கும் சாயாவும் கிடையாது, பழம்பொரியும் கிடையாது. "குத்தம் ஒண்ணும் இல்லன்னா நீ பாக்கல்லன்னு அர்த்தம்." டிரான்ஸ்பார்மருக்கு அடியில் நீ ஸ்க்ரூ ஓட்டை வைத்ததை அப்படித்தான் பிடித்தேன். ஒரு முழு கனெக்டரை நான் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் போட்டதை நீ பிடித்தாய். அன்றைக்குப் பழம்பொரியைத் தின்றுகொண்டே மாலைவரை சிரித்தாய்.

செவ்வாய்க்கிழமை வயரிங்காரரை உட்காரச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் அந்தப் போர்டின் ஃபைலைத் திறந்தேன். என் முதல் பயம் என்னைப் பற்றியதுதான். போர்டு செய்யும் ஃபேக்டரிக்கு அனுப்புவதற்கு முன், நமக்கு ஆர்டர் கொடுத்த பம்பு செட் கடைக்காரர் கேட்டாரென்று ஒரு கனெக்டரை நான் கொஞ்சம் நகர்த்தியிருந்தேன். அப்போது உன் தடங்களின் பூட்டைத் திறந்துவிட்டு மறுபடி பூட்ட மறந்துவிட்டேனோ? ரூட்டர் அவற்றைப் பிய்த்து வேறு வழியில் போட்டுவிட்டதோ? அந்த ஃபைலில் பூட்டு இல்லை. நான் தொடுவதற்கு முன்பு நீ கொடுத்த ஃபைல் தனியாக இருந்தது. அதையும் திறந்தேன்.

அதிலும் அப்படியே இருந்தது. வேலி இல்லை, பூட்டு இல்லை. வீட்டுக் கரண்டின் நான்கு தடங்களும் உன் கை போட்டவை அல்ல. ஒல்லியாகப் புறப்பட்டு, காரணமே இல்லாமல் ஓர் ஓட்டை வழியாகப் போர்டின் அடிப்பக்கம் இறங்கி, மறுபடி மேலே ஏறி, வெடுக்கென்று திரும்பி ஓடியிருந்தன. உன் கை அப்படிப் போகாது. தண்ணீர்க் கம்பியின் தடமோ ரிலேயின் கால்களுக்கு நடுவில் நுழைந்து போயிருந்தது, அதுதான் அதற்குக் குறுக்கு வழி. முழுப் போர்டையும் ரூட்டர்தான் போட்டிருக்கிறது. அறிக்கையில் நூறு சதவீதம், பிழை பூஜ்யம் என்று எழுதியிருந்தது. அதன் கணக்கில் அது உண்மைதான். யாரும் அதனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாடா, என் தப்பு இல்லை என்று ஒரு நொடி நினைத்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நினைத்தேன். பிறகு அந்தப் போர்டைச் சரிபார்த்தது யார் என்பது நினைவுக்கு வந்தது.

உனக்கு நாலாவது தடவை கீமோ மருந்து ஏற்றிய வாரம். தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப் கட்டியிருந்தாய். மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தாய். வீட்டிலிருந்தே முடித்துவிட்டேன் என்று சொல்லி, ஜெராக்ஸ் கடையில் எடுத்த தாளை விரித்தாய். நான் தாளைப் பார்க்கவில்லை. உன் உதட்டில் இருந்த புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒரு குத்தமும் இல்லியா?"

"இல்ல மக்கா. அருமையா இருக்கு."

நீ தாளை என் பக்கம் நகர்த்தினாய்.

"நல்லா பாருட்டி. நடந்து பாத்தியா?"

"நடந்தாச்சு நடந்தாச்சு. சாயா சொல்லட்டா?"

நடக்கவில்லை. அந்தத் தாளில் என் விரலே படவில்லை. இப்படி இருக்கிறவளிடம் போய், இந்தத் தடம் கோணல், அந்த ஓட்டை தப்பு என்று எப்படிச் சொல்வது? பாவம், இந்த உடம்போடு உட்கார்ந்து ஒரு போர்டை முடித்திருக்கிறாள், சந்தோஷமாக ஒரு சாயா குடிக்கட்டும் என்று நினைத்தேன். வாழ்க்கை முழுக்கப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தவள், பார்க்க வேண்டிய ஒரே நாளில் பார்க்கவில்லை. அதை அன்பு என்று வேறு நினைத்துக்கொண்டேன். நீ பாதிச் சாயாவை அப்படியே வைத்துவிட்டுப் போனாய். குமட்டல் என்று நினைத்தேன்.

"எல்லா வீட்டுக்கும் இப்பவே போன் போடுங்க. மோட்டார் மெயின ஆஃப் பண்ணிட்டு யாரும் குழாயத் தொடாதீங்கன்னு சொல்லுங்க" என்றேன் வயரிங்காரரிடம்.

"காரணம் கேப்பாங்களே அக்கா?"

"போர்டு தப்புன்னு சொல்லுங்க. நான் செஞ்ச தப்புன்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கரிந்த போர்டைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

முதலில் ராஜாக்கமங்கலம் போனேன். அந்த அம்மாள் முழங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்றுதான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாளா நாயா கத்தினேன் மக்கா, எனக்குத்தான் கிறுக்குன்னு சொன்னாவ. நீ வந்து போர்டு தப்புன்னு சொன்னியே, அது போரும்" என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அன்றைக்கும் புதன்கிழமையும் வயரிங்காரரின் பைக்குக்குப் பின்னால் ஸ்கூட்டரில் சுற்றினேன். ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியைத் திறந்து போர்டைக் கழற்றி, மோட்டாருக்குப் பழையபடி கை சுவிட்ச் கொடுத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, பிறகு நானே குழாயைத் திறந்து கையை நனைத்து, அதன் பிறகுதான் அந்த வீட்டுக்காரர்களைத் தொடவிட்டேன். கடலோரத்தில் இன்னும் இரண்டு போர்டுகளில் கருப்பு விழத் தொடங்கியிருந்தது. ஒரு வீட்டில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பம் எல்லாம் கம்ப்யூட்டர்தானே போடுது. அது தப்பு செய்யுமா?"

"கம்ப்யூட்டர் செய்யல்ல சார். நான் பாக்கல்ல."

"பாக்காம எப்படிம்மா அனுப்புவிய?"

உன் ஸ்கார்ஃபையும் உதட்டையும் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது?

புதன்கிழமை மூன்று மணிக்கு முன்னால் பதினெட்டாவது வீடும் முடிந்தது. அறைக்குத் திரும்பி வந்து, மீதமிருந்த அந்த ஒன்றையும் எடுத்து உடைத்துப் போட்டுவிடலாம் என்று அலமாரியைத் திறந்தேன். இல்லை. இழுப்பறைகளில் இல்லை. பெட்டிகளைக் கொட்டினேன், இல்லை. அப்புறம் நினைவுக்கு வந்தது. நான் உட்கார்ந்து போர்டுகளில் சாமான்களை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்த நாளில் நீ கடைசியாக ஒருமுறை வந்திருந்தாய். முடிந்திருந்த ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி உன் பையில் வைத்தாய். "எங்க வீட்டு டேங்க் எப்பளும் வழிஞ்சிட்டே கிடக்கு. இத நான் கொண்டு போறேன்." நான் பற்றவைக்கும் இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினேன்.

இருபதாவது போர்டு அருமனையில், உன் வீட்டில் இருந்தது.

உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். பள்ளிக்கூட ஆபீஸில் போனைச் சைலண்டில் வைத்துவிட்டுத்தான் ஃபைல் பார்ப்பார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். பக்கத்து வீட்டு நம்பர் என்னிடம் இல்லை. நீ இருந்தவரை அது எனக்குத் தேவைப்பட்டதில்லை. மணி மூன்று. உன் மகளின் ஸ்கூல் வேன் நாலு மணிக்கு முன்னால் வரும். வந்ததும் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், நீ பழக்கியதுதானே அது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றி எறிந்துவிட்டு நேராகப் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து காலைக் கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் நுழையலாம். வெறுங்கால். ஈரமான சிமென்ட் தரை.

ஸ்கூட்டரை எடுத்தேன். வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வாய்விட்டே திட்டினேன், ஹெல்மெட்டுக்குள் யாருக்குக் கேட்கும். ஒரு வேலி வரைய உனக்கு என்ன கேடு? நான்கு தடம்தானே, சாகக் கிடந்தாலும் அதைக் கையால் போட்டிருப்பாயே நீ, இதில் மட்டும் ஏன் விட்டாய்? குழித்துறையில் இரண்டு பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். அங்கே நின்றபோது நாங்கள் கும்பிடும் அய்யாவையும் நீங்கள் ஜெபிக்கும் ஆண்டவரையும் ஒன்றாகக் கூப்பிட்டேன். யார் முதலில் கேட்டாலும் சரி என்றிருந்தது. நின்ற இடத்திலேயே உன் வீட்டுக்காரருக்கு மறுபடி மறுபடி போட்டேன். ரப்பர் தோட்டத்து வளைவுகளில் நான் ஓட்டிய வேகத்தை நீ பார்த்திருந்தால் பயந்தாங்கொள்ளி என்று இனி ஒருநாளும் சொல்ல மாட்டாய்.

உன் வீட்டு கேட் திறந்து கிடந்தது. படியில் ஒரு ஷூ, முற்றத்தில் ஒரு ஷூ. பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. ஓடிப்போய் அவளுடைய ஸ்கூல் பினஃபோரின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் வாழைக்கன்றுகளுக்கு மேல் விழுந்தோம். அவள் அழவில்லை. நனைந்த காலோடு உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்ன ஆன்ட்டி?"

"ஒண்ணும் இல்லம்மா. சுள்ளுன்னு ஏதாச்சும் அடிச்சுதா?"

"இல்லியே."

"இத்தன நாளும்?"

"இல்ல ஆன்ட்டி. எதுக்கு?"

"உள்ள போ. நான் சொல்லுற வரைக்கும் தண்ணி தொடாத."

மெயினைப் பிடுங்கிவிட்டு மோட்டார் பெட்டியைத் திறந்தேன். உன் போர்டு உள்ளே பச்சையாக, ஃபேக்டரியிலிருந்து வந்த அன்று இருந்ததுபோலவே இருந்தது. உங்கள் ஊரில் உப்புக் காற்று இல்லை. அந்த நூல் இடைவெளி அங்கே இன்னும் இடைவெளியாகவே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

உன் வீட்டுக்காரர் பைக்கைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். பிள்ளையை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"பதினோரு போன். என்ன காரியம்?"

சொன்னேன். ராஜாக்கமங்கலத்தில் நடந்ததைச் சொன்னேன். போர்டில் தப்பு, அது என் தப்பு என்றேன். அவர் என் கையிலிருந்த போர்டை வாங்கிப் பார்த்தார்.

"இது அவ போட்டதுல்லா?"

"நான்தான் அண்ணே பாத்து அனுப்பினேன்."

அவர் அதை விரலால் தடவினார்.

"இத மாட்டினது நான். அவளுக்கு ஸ்க்ரூ பிடிக்க முடியல்ல. அந்த மருந்து ஏத்தினதுக்குப் பொறவு விரல் பத்தும் மரத்துப் போச்சு. தொட்டா தொட்டது தெரியாது. பிள்ளைக்கு பட்டன் போட்டது, தலை பின்னினது எல்லாம் நான்தான்."

"எங்கிட்ட சொல்லல்லியே."

"சொல்லாண்டாம்னு சொன்னா. தெரிஞ்சா நீ வேலைய எல்லாம் எடுத்து உன் தலைல வச்சுக்கிடுவ, பொறவு அவளுக்கு செய்ய ஒண்ணும் இருக்காதுன்னு." அவர் போர்டைத் திருப்பித் தந்தார். "மௌஸ் கைல நிக்கல்ல, முழுக்க கம்ப்யூட்டருட்டயே விட்டுட்டேன்னு ஒருநாள் சொன்னா. அது சரியா வருமான்னு கேட்டேன். வராது, ஆனா அவ பாத்துக்கிடுவா, அவ கண்ணுல தப்பாதுன்னு சொன்னா."

இதைச் சொல்லிவிட்டுச் சாயா போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தப்பு இருக்கிறது என்று தெரிந்துதான் அந்தத் தாளை என் முன்னால் விரித்திருக்கிறாய். உன் விரல்களைப் பற்றி வாய் திறந்து சொல்ல உனக்கு மனம் வரவில்லை, நம் வழக்கப்படி நானே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்திருக்கிறாய். அதற்காகத்தான் தாளை என் பக்கம் தள்ளி இரண்டாவது தடவையும் கேட்டிருக்கிறாய். நான் வாயால் சொல்லாவிட்டாலும் அனுப்புவதற்கு முன் சரிசெய்திருப்பேன் என்று நம்பித்தான் அந்தப் போர்டை உன் வீட்டுக்கே கொண்டுபோயிருக்கிறாய். அந்த நான்கு தடங்களையும் போட எனக்குப் பத்து நிமிஷம் போதும். நீ பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கேலி செய்துகொண்டிருந்தால் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

உன் மகள் பின்வாசலில் வந்து நின்றாள். ஒரு கால் இன்னும் சேறாக இருந்தது.

"ஆன்ட்டி, இப்பம் தண்ணி தொடலாமா?"

போர்டு என் கையில் இருந்தது. மெயின் பிடுங்கிக் கிடந்தது. அந்தத் தண்ணீரில் இனி ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் தொடலாம் என்ற சொல் வாயில் வரவில்லை. செருப்பைக் கழற்றினேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குழாயைத் திறந்து, இரண்டு கைகளையும் முழங்கைவரை நனைத்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் அவளை வா என்று கூப்பிட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. ஓடி வந்து காலை நீட்டினாள். என் கண்ணில் தப்பாது என்று நீ சொல்லி வைத்துவிட்டுப் போன அந்த ஒரு வார்த்தையின் பலத்தில், நீ போன பிறகும் இந்த எட்டு மாதமாக, அவள் அப்படித்தான் தினமும் அந்தக் குழாயில் கால் கழுவியிருக்கிறாள்.